மீண்டும் வாக்குக் கேட்டு வரும் மாமன்ற உறுப்பினர் கடைத்தெருவுக்கும் குடியிருப்புக்கும் என்ன செய்ய வேண்டும்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை மாநகராட்சியின் 200 வார்டுகளில் ஏதேனும் ஒன்றில் குடியிருப்பவர்களுக்காகவும் அங்கே கடை நடத்துபவர்களுக்காகவும் இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. ஐந்தாண்டு பதவியில் இருந்துவிட்டு மறுபடியும் நிற்க விரும்புகிறவர், கட்சி எதுவானாலும், எதை முதலில் வைக்க வேண்டும், எதைத் தம்மால் செய்ய இயலாது என்று நேர்மையாகச் சொல்ல வேண்டும் என்பதை இதில் பார்க்கலாம்.

இதை இப்போதே ஏன் பேச வேண்டும்?

நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் கடைசியாக 2022 பிப்ரவரி 19 அன்று நடந்தது. மார்ச் 2 அன்று உறுப்பினர்கள் பதவியேற்றார்கள். முதல் கூட்டத்திலிருந்து ஐந்து ஆண்டுகள்தான் மன்றத்தின் ஆயுள் என்று அரசமைப்புச் சட்டம் வரையறுத்திருப்பதால், இந்த மன்றத்தின் காலம் 2027 மார்ச் தொடக்கத்தில் முடிகிறது. இதற்கு முந்தைய மன்றம் 2016 அக்டோபரில் கலைந்த பிறகு ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தேர்தலே நடக்காமல், தனி அலுவலரின் பொறுப்பில் மாநகராட்சி இயங்கியது. அந்த ஆண்டுகளில் தெருவிளக்கு எரியவில்லை என்றாலும் வடிகால் அடைத்துக்கொண்டாலும் உரிமையோடு போய்க் கேட்க வார்டில் ஒருவரும் இல்லை. அந்த நிலையை அனுபவித்தவர்களுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் ஒருவர் இருப்பதன் மதிப்புத் தெரியும்.

2022 இல் சென்னையில் வாக்களித்தவர்கள் 44 சதவீதத்துக்கும் குறைவு. இவ்வளவு குறைவாக வாக்குப் பதிவாகும் நகரத்தில் ஒரு கடைத்தெருவும் அதைச் சுற்றியுள்ள பத்துத் தெருக்களும் ஒன்றாகச் சேர்ந்து ஒரு கோரிக்கையை வைத்தால், வேட்பாளர் யாராக இருந்தாலும் காதுகொடுத்துக் கேட்டே ஆக வேண்டும்.

மாமன்ற உறுப்பினருக்கு உண்மையில் என்ன அதிகாரம் இருக்கிறது?

பலரும் நினைப்பதைவிடக் குறைவு. பல உறுப்பினர்கள் பயன்படுத்துவதைவிட அதிகம். சாலை, மழைநீர் வடிகால், தெருவிளக்கு, குப்பை அகற்றுதல், பூங்கா, மாநகராட்சிப் பள்ளி, மாநகராட்சிக்குச் சொந்தமான வணிக வளாகங்கள் ஆகியவை மாநகராட்சியின் பொறுப்பில் உள்ளன. இவற்றைப் பற்றி ரிப்பன் மாளிகையில் நடக்கும் மாமன்றக் கூட்டத்தில் கேள்வி எழுப்பலாம், தீர்மானங்களுக்கு ஆதரவாகவோ எதிராகவோ வாக்களிக்கலாம், மண்டலக் குழுவில் பணிகளை முன்மொழியலாம், வார்டு மேம்பாட்டு நிதியில் எந்தப் பணி முதலில் நடக்க வேண்டும் என்று பரிந்துரைக்கலாம்.

கழிவுநீர்க் குழாய் சென்னைக் குடிநீர் வாரியத்தைச் சேர்ந்தது. மின்கம்பமும் மின்பெட்டியும் மின்வாரியத்தைச் சேர்ந்தவை. வாகன நிறுத்தத் தடையும் ஒருவழிப் பாதையும் போக்குவரத்துக் காவல்துறையின் முடிவு. மதுக்கடை மாநில அரசினுடையது. இவற்றில் உறுப்பினர் மனு கொடுக்கலாம், கூட்டத்தில் வற்புறுத்தலாம், அதிகாரிகளைத் தெருவுக்கு அழைத்து வந்து காட்டலாம். ஆணையிட முடியாது. “நான் வந்தால் எல்லாவற்றையும் சரி செய்துவிடுவேன்” என்று ஐந்து ஆண்டுகளுக்கு முன் சொன்னவர், இப்போது அந்தப் பட்டியலில் எது தம் கையில் இருந்தது, எது இல்லை என்று பிரித்துச் சொல்வாரானால் அதுவே அவர் வேலையைக் கற்றுக்கொண்டதற்கு முதல் அடையாளம்.

கடைக்காரர்களுக்கான முதல் முன்னுரிமை எதுவாக இருக்க வேண்டும்?

தெருவைத் தோண்டும் தேதியை முன்கூட்டியே சொல்வது. வரியைவிட, வாடகையைவிட, சிறு கடையை அதிகம் முடக்குவது எப்போது முடியும் என்று தெரியாத பள்ளம்தான் என்பது என் உறுதியான கருத்து.

மழைநீர் வடிகாலுக்காகக் கடைவாசலை ஒட்டி வெட்டப்பட்ட பள்ளத்தின் மேல் ஒரு பலகையைப் போட்டு வியாபாரம் நடத்தும் மளிகைக் கடையை இந்த நகரத்தில் பார்க்காதவர் இருக்க முடியாது. முழங்கால் வலி உள்ள பெண்மணி அந்தப் பலகையில் ஏற மாட்டார்; கைக்குழந்தையோடு வருபவர் எதிர்ப்பக்கக் கடைக்குப் போய்விடுவார்; எண்ணெய் டின் இறக்க வரும் சரக்கு வண்டி தெருமுனையிலேயே நின்றுவிடுவதால் கூலிச் செலவு கூடும். கான்கிரீட் சுவர் எழுப்பியாகிவிட்டது, மூடி மட்டும் வரவில்லை என்பார்கள். மூடி வந்த பிறகு குடிநீர் வாரியம் குழாய்க்காக வெட்டும். அது முடிந்ததும் கேபிளுக்காக வேறொரு நிறுவனம் வெட்டும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் இப்படி நடந்தால், துணிக்கடையும் இனிப்புக் கடையும் ஆண்டின் முக்கியமான வியாபாரத்தையே இழக்கின்றன. வடகிழக்குப் பருவமழைக்கு முன் வடிகால் வேலையை முடிக்க வேண்டிய அவசரமும் அதே மாதங்களில்தான் வருகிறது என்பது உண்மையே. அதனால்தான் திட்டமிடுதல் ஏப்ரலில் தொடங்க வேண்டும். செப்டம்பரில் பள்ளம் தோண்டிவிட்டுப் பண்டிகையையும் மழையையும் ஒன்றாகச் சந்திக்கக் கூடாது.

மறுதேர்தலுக்கு நிற்பவர் இதில் உறுதியளிக்கக் கூடியவை தெளிவானவை. வார்டில் அடுத்த ஆறு மாதங்களில் எந்தத் தெருவில் எந்தத் துறை, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வேலை செய்யும் என்ற பட்டியலை உதவிப் பொறியாளரிடமிருந்து பெற்று, வார்டு அலுவலகத்தின் சுவரில் ஒட்டலாம். அதையே வணிகர் சங்கத்துக்கும் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். குறித்த தேதியில் முடியாத வேலையைப் பற்றி மாமன்றத்தில் பெயர் சொல்லிக் கேட்கலாம். இதற்குத் தனி நிதி தேவையில்லை.

சாலையை மறுபடி போடும்போது பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிய தார் போட வேண்டும் என்று 2021 இல் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தியிருந்தார். அதைச் செய்யாமல் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டதால்தான் பழைய தெருக்களில் கடைத்தரையும் வீட்டு வாசலும் சாலையைவிடத் தாழ்ந்து, சிறு மழைக்கே தண்ணீர் உள்ளே வருகிறது. உங்கள் தெருவில் தார் போடும் நாளில் சுரண்டும் இயந்திரம் வந்ததா என்று பாருங்கள்; வரவில்லையென்றால் அன்றே உறுப்பினரை அழைத்துக் காட்டுங்கள்.

மெட்ரோ பணியால் வியாபாரம் பாதிக்கப்பட்ட தெருக்களுக்கு அவர் என்ன செய்ய முடியும்?

இரண்டாம் கட்ட மெட்ரோ மூன்று வழித்தடங்களில் ஏறக்குறைய 119 கிலோமீட்டர் நீளத்துக்குக் கட்டப்படுகிறது. மயிலாப்பூரிலும் தியாகராய நகர்ப் பகுதியிலும் தடுப்புத் தகடுகளுக்குப் பின்னால் மறைந்துபோன கடைகளின் இழப்பு பெரியது. இழப்பீடு தருவது மாநகராட்சியின் கையில் இல்லை. நடைபாதையை அகலமாக விடச் சொல்வது, தகட்டின் மேல் கடைகளின் பெயரும் செல்லும் வழியும் எழுத அனுமதி வாங்கித் தருவது, சரக்கு இறக்க இரவில் ஒரு நேரத்தைப் பேசி முடிப்பது போன்ற சிறு வேலைகளை ஓர் உறுப்பினர் விடாமல் செய்தால் கடை உயிரோடு இருக்கும்.

“சொத்து வரியைக் குறைப்பேன்” என்று சொல்லும் வேட்பாளரை நம்பலாமா?

அவர் தனியாகக் குறைக்க முடியாது. இதை விளக்கமாகச் சொல்ல வேண்டும்; ஏனென்றால் கடைக்காரர்களின் கோபம் இங்கேதான் அதிகம், பொய் வாக்குறுதியும் இங்கேதான் அதிகம்.

சென்னையில் 1998 க்குப் பிறகு நிலைத்து நின்ற முதல் பொதுச் சீராய்வு 2022 ஏப்ரலில் வந்தது. 2018 இல் அறிவித்த உயர்வை 2019 இல் அரசே நிறுத்தி வைத்திருந்தது. 2022 இல் பழைய சென்னைப் பகுதியில் வணிகக் கட்டடங்களுக்கு 150 சதவீதமும், 2011 இல் மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட பகுதிகளில் 100 சதவீதமும் உயர்த்தப்பட்டன. 150 சதவீத உயர்வு என்றால், அரையாண்டுக்கு 4,000 ரூபாய் கட்டிய கடை 10,000 ரூபாய் கட்ட வேண்டும். கடை வாடகைக்கு இருந்தால் கட்டட உரிமையாளர் அதை வாடகையில் ஏற்றிவிடுவார். அதன் பிறகு 2024 இல் மேலும் 6 சதவீத உயர்வுக்கு மாமன்றம் ஒப்புதல் கொடுத்தது. மாநில உற்பத்தி வளரும் அளவுக்குச் சொத்து வரி வசூலும் வளர வேண்டும் என்ற நிபந்தனையை 15 ஆவது நிதிக்குழு வைத்து, ஒன்றிய மானியத்தை அதோடு இணைத்திருந்தது. ஆகவே வரி விகிதத்தை முடிவு செய்வதில் வார்டு, மாமன்றம், மாநில அரசு, நிதிக்குழு என்ற நான்கு படிகள் இருக்கின்றன. வார்டு உறுப்பினர் முதல் படியில் நிற்கிறார்.

அப்படியானால் அவரிடம் என்ன கேட்பது? அந்தத் தீர்மானங்கள் வந்தபோது அவர் என்ன பேசினார் என்று கேட்கலாம். வரியின் மூலம் வார்டிலிருந்து திரண்ட பணத்துக்கு ஈடாக வார்டுக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். சொத்து வரிக் கணக்கீட்டில் தவறு இருக்கும் கடைகளுக்காக, அதாவது கிடங்கைக் கடையாகவும் குடியிருப்பை வணிகமாகவும் கணக்கிட்டிருக்கும் இடங்களுக்காக, வருவாய் அலுவலரை வரவழைத்து வார்டிலேயே ஒரு முகாம் நடத்தச் சொல்லலாம். அரையாண்டின் முதல் 30 நாட்களுக்குள் வரி கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை ஊக்கத்தொகை உண்டு. வாடகைக் கடைக்காரர்கள் பலருக்கு இது தெரியாது. வரியை வாடகையோடு சேர்த்துக் கொடுப்பவர்கள் அந்தச் சலுகை தங்களுக்கு வந்து சேர்கிறதா என்று உரிமையாளரிடம் கேட்க வேண்டும்.

தொழில் வரி?

அதற்கு அரசமைப்புச் சட்டத்தின் 276 ஆவது பிரிவு வைத்த உச்சவரம்பு ஆண்டுக்கு 2,500 ரூபாய். அதற்கு மேல் யாரும் கேட்க முடியாது.

நடைபாதைக் கடைகளை அகற்ற வேண்டும் என்று நிலைக் கடைக்காரர்கள் கேட்கிறார்கள்; அகற்றக் கூடாது என்று வியாபாரிகள் கேட்கிறார்கள். உறுப்பினர் யார் பக்கம் நிற்க வேண்டும்?

சட்டத்தின் பக்கம் நின்றால் இருவருக்கும் நன்மை கிடைக்கும். சாலையோர வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் 2014 இல் வந்தது. கணக்கெடுப்பு முடிந்து விற்பனைச் சான்றிதழ் கொடுக்கப்படும் வரை எவரையும் அகற்றக் கூடாது என்று அது சொல்கிறது. இடம் மாற்றுவதானால் 30 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். பறிமுதல் செய்த பொருள் அழுகக்கூடியதாக இருந்தால் உரிமை கோரிய அன்றே திருப்பித் தர வேண்டும்; மற்றவற்றை இரண்டு வேலை நாட்களுக்குள் தர வேண்டும். காலை ஐந்து மணிக்குக் கோயம்பேட்டில் கடன் வாங்கி எடுத்து வந்த பூக்கூடையை மாநகராட்சி வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், மாலையில் வாடிய பிறகு கொடுப்பதால் அந்த அம்மாவுக்கு என்ன பயன்? அன்றைய முதலும் போய், வட்டியும் நிற்கிறது. இந்த விதியை அறிந்து, பறிமுதல் நடக்கும் அன்றே மண்டல அலுவலகத்துக்குப் போய் நிற்கும் உறுப்பினர்தான் ஏழை வியாபாரிக்கு உண்மையில் உதவுகிறவர்.

அதே சட்டம் வரம்பும் வைக்கிறது. ஒரு வார்டிலோ மண்டலத்திலோ நகரத்திலோ உள்ள மக்கள்தொகையில் 2.5 சதவீதம் வரைதான் வியாபாரிகளுக்கு இடம். விற்பனைக்கு உரிய பகுதி, கட்டுப்பாட்டோடு அனுமதிக்கும் பகுதி, விற்பனையே கூடாத பகுதி என்று பிரிக்க வேண்டும். இதைப் பரிந்துரைக்கும் நகர விற்பனைக் குழுவின் தலைவர் ஆணையர். உறுப்பினர்களில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளால் தேர்ந்தெடுக்கப்பட்ட வியாபாரிகளாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும். ஆகவே “இவருக்கு இடம் கொடு, அவரை எழுப்பு” என்று சொல்லும் உரிமை மாமன்ற உறுப்பினருக்குச் சட்டத்தில் இல்லை. அப்படிச் சொல்லிப் பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் அது மாமூல்தான்.

இடமாற்றம் எப்படிச் செய்தால் பலிக்கும், எப்படிச் செய்தால் பலிக்காது என்பதற்குச் சென்னையிலேயே பாடம் இருக்கிறது. பாண்டி பஜார் நடைபாதை வியாபாரிகளை 2013 இல் மாடிகளுள்ள ஒரு வளாகத்துக்கு மாற்றினார்கள். நடந்து போகிறவர் கண்ணில் பட்டதை வாங்கும் வியாபாரத்தை மாடிக்கு ஏற்றினால் வாங்குபவர் ஏறி வர மாட்டார் என்ற குறை தொடக்கத்திலிருந்தே இருந்தது. மெரினா லூப் சாலையில் மீன் விற்ற நொச்சிக்குப்பம் பகுதிப் பெண்களுக்கோ, 2023 இல் நீதிமன்றம் வரை போன பிரச்சினைக்குப் பிறகு, அதே சாலையின் ஓரத்திலேயே 366 கடைகள் கொண்ட மீன் சந்தை கட்டப்பட்டு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதிலும் குறைகள் சொல்லப்படலாம். ஆனால் வாடிக்கையாளர் வழக்கமாக வரும் பாதையை விட்டு விலகாமல் இடம் கொடுத்தது சரியான அணுகுமுறை என்றே கருதுகிறேன். இடமாற்றம் பற்றிப் பேசும் எந்த வேட்பாளரிடமும் “வாங்குபவர் அந்த வழியே நடப்பாரா?” என்பதை முதல் கேள்வியாகக் கேளுங்கள்.

வியாபாரிகளுக்கான பிரதமர் ஸ்வநிதி கடனுக்கு மாநகராட்சியின் அடையாள அட்டையோ பரிந்துரைக் கடிதமோ வேண்டும். 2020 இல் தொடங்கிய இத்திட்டத்தின் முதல் தவணைக் கடன் 10,000 ரூபாயாக இருந்தது. 2025 இல் அது 15,000 ஆக உயர்த்தப்பட்டது. கந்துவட்டிக்கு வாங்கி விற்கும் ஒருவருக்கு இது பெரிய விடுதலை. அட்டை கிடைக்காதவர்களின் பட்டியல் உறுப்பினரின் மேசையில் இருக்க வேண்டும்.

குடியிருப்பவர்களின் அமைதி கெடாமல் வணிகம் வளர முடியுமா?

முடியும், நேரமும் இடமும் தீர்மானிக்கப்பட்டால். தெருவில் ஓர் உணவகம் திறந்ததும் வாசலில் இருசக்கர வாகனங்கள் நிறைந்து, ஆம்புலன்ஸ் நுழைய வழியில்லை என்ற புகார் எல்லா வார்டிலும் உண்டு. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் இயங்கலாம் என்று மாநில அரசு அனுமதித்திருக்கிறது. அதை வார்டு உறுப்பினர் மாற்ற முடியாது. ஆனால் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபலுக்கு மேல் சத்தம் கூடாது. உணவகத்தின் புகைபோக்கியும் ஜெனரேட்டரும் பக்கத்து வீட்டின் படுக்கையறையைப் பார்த்து வைக்கப்பட்டிருந்தால், உரிமம் புதுப்பிக்கும் நேரத்தில் சுகாதார அலுவலரிடம் ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம். இரு தரப்பையும் உட்கார வைத்துச் சரக்கு வண்டி வரும் நேரத்தையும் குப்பை வெளியே வைக்கும் நேரத்தையும் பேசி முடிப்பது ஓர் உறுப்பினரின் அன்றாட வேலை. வேறு யாரும் அதைச் செய்ய மாட்டார்கள்.

குப்பை விஷயத்தில் என்ன வாக்குறுதி பொருளுள்ளது?

கடை மூடும் நேரத்துக்குப் பின் ஒரு முறை வண்டி வருவது. காலையில் மட்டும் வண்டி வந்தால், இரவு பத்து மணிக்குக் கடையடைப்பவர் குப்பையைத் தெருமுனையில் வைத்துவிட்டுத்தான் போவார். விடிவதற்குள் மாடும் நாயும் கிளறிவிடும். இதோடு, அந்த வண்டியில் வேலை செய்பவர்களின் நிலையையும் சேர்த்தே பேச வேண்டும். 2025 ஆகஸ்டில் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணி தனியாருக்கு விடப்பட்டதை எதிர்த்துத் தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகையின் முன் பல நாட்கள் அமர்ந்திருந்தார்கள். அப்போது உங்கள் உறுப்பினர் எதைப் பேசினார் என்பது வாக்களிக்கும் முன் அறிய வேண்டிய செய்தி.

பகுதி சபை என்றால் என்ன? அதற்குப் போய்ப் பயன் உண்டா?

கிராமத்துக்குக் கிராம சபை இருப்பதைப் போல நகரத்துக்குப் பகுதி சபை. 2022 இல் விதிகள் வந்து, அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று முதல் கூட்டங்கள் நடந்தன. தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சரே கலந்துகொண்டார். வார்டில் வாக்காளராக உள்ள எவரும் போகலாம், பேசலாம். அறிவிப்பு முறையாக வருவதில்லை, பத்துப் பேரை வைத்துப் படம் எடுத்துவிட்டு முடித்துவிடுகிறார்கள் என்ற குறை பல இடங்களிலிருந்தும் கேட்கிறது. மறுபடி நிற்பவர் இதில் தம் பழைய பதிவேட்டைக் காட்ட வேண்டும்: எத்தனை கூட்டம் நடந்தது, யார் என்ன கேட்டார், அதில் எது முடிந்தது. கடைக்காரர்களுக்கு ஒரு சொல்: மாலை நேரக் கூட்டம் உங்களுக்கு ஒத்து வராது. மதியம் இரண்டு மணிக்கு வைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

நிதி இல்லை என்று சொன்னால்?

வார்டு மேம்பாட்டு நிதி எதற்குச் செலவானது என்று தெரு வாரியாகக் கேளுங்கள். அதற்கு மேலும் தேவையென்றால் ‘நமக்கு நாமே’ திட்டம் இருக்கிறது. மக்கள் மூன்றில் ஒரு பங்கு கொடுத்தால் மீதியை அரசு தரும். நீர்நிலையைச் சீரமைக்கும் பணிக்குப் பாதி கொடுக்க வேண்டும். சந்தைக்கு வரும் பெண்களுக்கும் கடை ஊழியர்களுக்கும் கழிப்பறை இல்லாத கடைத்தெருக்கள் எத்தனையோ இருக்கின்றன. காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பது வரை நின்று வேலை செய்யும் துணிக்கடைப் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். வணிகர் சங்கம் ஒரு பங்கைக் கொடுத்து, உறுப்பினர் கோப்பை நகர்த்தி, ஒரு கழிப்பறையைக் கட்டிப் பராமரித்தால் அதைவிட நல்ல வார்டுப் பணி இருக்க முடியாது.

உறுப்பினரின் கணவரோ உறவினரோதான் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறார். அவரிடம் பேசலாமா?

வேண்டாம். தமிழ்நாட்டு நகர்ப்புற உள்ளாட்சியில் பாதி இடங்கள் பெண்களுக்கு. மனுவை அவர்கள் பெயருக்கே எழுதுங்கள், அவர்களையே சந்திக்கக் கேளுங்கள். கையெழுத்தும் பதிலும் அவர்களிடமிருந்தே வரட்டும்.

வாக்குக் கேட்டு வாசலுக்கு வரும்போது என்ன கேட்பது?

நீண்ட உரையாடலுக்கு அப்போது நேரம் இருக்காது. ஆகவே முன்பே உங்கள் தெருவின் கடைக்காரர் இருவரும் குடியிருப்பவர் இருவரும் சேர்ந்து ஒரே ஒரு தாள் எழுதி வையுங்கள். கடந்த ஐந்து ஆண்டுகளில் 1913 என்ற எண்ணில் பதிவு செய்து தீராமல் போன புகார்களின் எண்களை மேலே எழுதுங்கள். அதற்குக் கீழே, அடுத்த ஆறு மாதங்களில் நடக்க வேண்டிய மூன்று வேலைகளை இடம் குறிப்பிட்டு எழுதுங்கள்: எந்தக் கடை முன் வடிகால் மூடி, எந்தக் கம்பத்தில் விளக்கு, எந்த முனையில் இரவுக் குப்பை வண்டி. தாளைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். எதிர்த்து நிற்கும் வேட்பாளர்கள் வரும்போது அவர்களிடமும் அதே தாளைக் கொடுங்கள். நகலைக் கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டி வையுங்கள்.